அவசர ஆர்டர்

"இன்னும் ஒரு சுத்து. விடாதே, அழுத்து."

கொல்லைப்புற ஷெட்டின் வாசலில் தம்பி அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே அவனுடைய அக்கா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வைஸ் என்ற இரும்புப் பிடியில் பூட்டிய குழாயின் முனையில் மரை போட்டுக்கொண்டிருந்தாள். மரை வெட்டும் டையின் நீளக் கைப்பிடியை வலது கையால் இழுக்க இழுக்க, முகமெல்லாம் வியர்வை.

அவள் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். எண்ணெய் விடுவது மட்டும் அவர் வேலை போலிருந்தது.

பக்கத்து வீட்டம்மா போனில் சொன்னபோது அவன் நம்பவில்லை. "வலது பக்கம் இழுத்துக்கிட்டுப் படுத்த படுக்கையா இருந்த பொம்பளை. அவளைப் போட்டு வேலை வாங்குறாரு. நீங்களாவது வந்து கேளுங்க தம்பி."

"என்ன மாமா நடக்குது இங்க?"

"வா மாப்ளே. அவசர ஆர்டர். எனக்குத் தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. அதான் உங்க அக்கா கை கொடுக்குறா."

"ஒரு ஆளை வைக்கக் கூடாதா?"

"வீட்டுலயே ஆள் இருக்கும்போது வெளியில எதுக்குத் தேடணும்?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதடா" என்றாள் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். இரும்பு முனகியது.

"போதும். பின்னால திருப்பி டையைக் கழட்டு." அவர் குனிந்து மரையைப் பார்த்தார். "சுமார்தான். நாளைக்கு ஒழுங்கா வரணும்."

தம்பி விறுவிறுவென்று உள்ளே வந்தான்.

"அக்கா, போய்த் துணிமணியை எடுத்து வை. இன்னிக்கே நீ என்கூட வர்ற."

அவள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "முதல்ல டீ குடி" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தபடி வீட்டுக்குள் போனாள்.

"உங்களுக்கு என்ன மாமா, மரை கழண்டு போச்சா? மனுஷங்க செய்யுற காரியமா இது?"

அவர் எழுந்து ரம்பத்தை எடுத்தார். அக்கா மரை போட்ட முனையைச் சரசரவென்று அறுத்தார். தோள்பட்டை பிடித்துக்கொண்டவர் அறுக்கிற மாதிரித் தெரியவில்லை. துண்டு கீழேயிருந்த டப்பாவுக்குள் விழுந்தது. டப்பா நிறைய அதே மாதிரித் துண்டுகள்.

"அவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டதை ஏன் அறுத்துட்டீங்க?"

"மெதுவாப் பேசு. நாளைக்கு அவளுக்குப் புது முனை வேணுமே."

"அப்போ ஆர்டர்?"

"குழாய்க் கடையை மூடி எவ்வளவு காலமாச்சு. எனக்கு எவன் ஆர்டர் தரப்போறான்?"

ரம்பத்தை ஆணியில் மாட்டினார்.

"ஆஸ்பத்திரியில ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாங்க. 'நான் என்ன கைக்குழந்தையா'ன்னு ஜன்னல் வழியா எறிஞ்சுட்டா. உடற்பயிற்சின்னா செய்ய மாட்டா மாப்ளே. எனக்கு முடியலைன்னு சொன்னா ஓடி வந்து செய்வா. இது டேப்பர் மரை. சாதா மரை மாதிரி இல்ல, போகப்போக இறுகும். கைக்கும் நாளுக்கு நாள் பலம் ஏறும். முதல்ல கால் சுத்துக்கே அழுதா. இப்பப் போய் நீ கூட்டிட்டுப் போனா, அந்தக் கை இருக்கிறபடியே நின்னுடும்."

தம்பி டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தான்.

"தெருவே உங்களைத் திட்டுதே மாமா."

"திட்டிட்டுப் போகட்டும். அவகிட்ட மட்டும் உளறிடாதே. தெரிஞ்சா அப்புறம் ஷெட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டா."

தம்பி தலையை ஆட்டிவிட்டுச் சமையலறைக்கு வந்தான்.

"நீ இங்கயே இரு அக்கா. நான் ஏதோ கோபத்துல…"

அக்கா, தண்ணீர் நிறைந்த பெரிய பாத்திரத்தை வலது கை ஒன்றாலேயே தூக்கி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"அக்கா! உன் கை…"

"கத்தாதடா. அது சரியாகி ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் எதுக்கு அங்க போய் அந்தப் பாடு படுற? ஏதோ ஆர்டர்னு…"

"ஆர்டராவது மண்ணாவது. அவரு அறுத்து அறுத்துக் குழாய் குட்டையாகிறது என் கண்ணுக்குத் தெரியாதா?"

எட்டி ஷெட்டைப் பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கடையை மூடினதுலேர்ந்து இந்த மனுஷன் சுவத்தையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. எனக்குக் கை விழுந்த பிறகுதான் எழுந்து நடமாடுறாரு. சரியாயிடுச்சுன்னு நான் சொல்லிட்டா, நாளைக்குக் காலையில அவரு எதுக்குடா எந்திரிக்கணும்?"