கரையாத செம்பு

எல்லாம் கரைந்துவிட்டது. அந்த ஒரு ஓரம் மட்டும் கரையவில்லை.

அவன் பிளாஸ்டிக் டப்பாவை மெல்லச் சாய்த்தான். கடும் டிக்காஷன் நிறத்தில், செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடு இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் திரும்பியது. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு செம்புத் தகடு. அதன்மேல், காகிதத்தில் அச்சடித்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஒட்டிய கருங்கோடுகள். கோடு இருக்கும் இடத்தில் செம்பு தங்க வேண்டும். மற்ற இடத்தில் போக வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

அவ்வளவுதானே என்று ஏற்கெனவே இரண்டு தகடுகளைப் பாழாக்கியிருந்தான்.

முதல் தகட்டில் காகிதத்தை அவசரப்பட்டு உரித்ததில் கோடுகளும் கூடவே வந்துவிட்டன. இரண்டாவதை டப்பாவில் போட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தான். கோடுகளையும் சேர்த்துத் தின்றுவிட்டது கரைசல். இது மூன்றாவது. வீட்டிலிருந்த கடைசித் தகடு.

போன வாரம் மாமியார் வந்திருந்தார்.

"அழுதா அவளுக்கு எப்படிக் கேக்கும் மாப்ள? பொறந்து நடக்குற வரைக்கும் கொழந்த எங்கிட்டயே இருக்கட்டும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லியிருக்கலாம். அவன் மனைவிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. உதடுகளைப் படிக்கத் தெரியும்.

அன்று முழுக்க அவள் கைகள் பேசவில்லை.

அதற்குத்தான் இந்தச் சர்க்யூட் தகடு. குழந்தை அழுதால் தலைமாட்டில் விளக்கு எரிய வேண்டும். கடையில் வாங்கிய விளக்கு மின்விசிறிக்கும் எரிந்தது, குக்கர் விசிலுக்கும் எரிந்தது. இது குரலுக்கு மட்டும் எரியும். பன்னிரண்டு வருஷமாக ஃபேக்டரி மெஷின்களைப் பழுது பார்க்கிறவன், தன் பெண்டாட்டிக்கு இதைக்கூடச் செய்ய மாட்டானா?

நாளை வளைகாப்பு. முடிந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள்.

கரைசல் ஆறிவிட்டதோ? அவள் குளிக்க வைத்திருந்த வெந்நீரில் கொஞ்சம் எடுத்து அகலப் பாத்திரத்தில் ஊற்றி, டப்பாவை அதில் இறக்கினான்.

கரையவில்லை.

கரைசல் பழசோ? பழசென்றால் மற்ற இடமெல்லாம் எப்படிக் கரைந்தது?

தகட்டை எடுத்துக் கழுவி, லென்ஸ் வைத்துப் பார்த்தான்.

வளைவு வளைவாகச் செம்புக் கோடுகள். ஒரு பெருவிரல்.

காலையில் தோசைக்கல் வைக்க இடமில்லாமல் அவள்தான் தகட்டை எடுத்து ஜன்னலில் வைத்தாள். அதற்குச் சற்று முன்புதான் வயிற்றில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எண்ணெய் பட்ட இடத்தைக் கரைசல் தொடாது.

சமையலறை விளக்கை இரண்டு தரம் அணைத்துப் போட்டான். அந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவது அப்படித்தான்.

வந்தாள். லென்ஸைக் கொடுத்தான். பார்த்தாள். தன் பெருவிரலைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. என்னால்தான் கெட்டதா என்று கைகள் கேட்டன.

அவனுக்குத் தாங்கவில்லை. பி.காம். படித்துவிட்டுக் கைநாட்டு வைக்கிறாயே என்று கையாலேயே கிண்டல் செய்தான்.

முறைத்தாள். அது போதும் அவனுக்கு.

பாத்திரம் தேய்க்கும் சோப்பை எடுத்து அவளே கழுவினாள். கருங்கோடு உரிந்துவிடாமல், விரல் நுனியால், குழந்தையைக் குளிப்பாட்டிப் பழகுகிறவள் மாதிரி. பிறகு இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துக் கரைசலில் இறக்கினாள்.

ஐந்து நிமிடத்தில் ரேகை போய்விட்டது. போவதைப் பார்க்க அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மாலைக்குள் துளையிட்டு, பாகங்களைப் பற்றவைத்து, விளக்கைக் கட்டிலின் தலைமாட்டில் மாட்டினான். மின்விசிறியைப் போட்டான். எரியவில்லை. குக்கர் விசிலடித்தது. எரியவில்லை. முகத்தைக் கோணிக்கொண்டு, பச்சைக் குழந்தை மாதிரி வீறிட்டான்.

எரிந்தது.

குழந்தை என் பக்கத்தில்தான் படுக்கும் என்று அவள் கட்டிலைத் தட்டிக் காட்டினாள். நாளைக்கு அம்மாவிடம் அவளே சொல்லிவிடுவாளாம்.

சந்தோஷத்தில் அவன் இன்னும் பலமாக அழுதான். கால்களை வேறு உதைத்துக்கொண்டான். மீசை வைத்த அந்தக் குழந்தையைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவன் வாயை மூடினான்.

விளக்கு அணையவில்லை.

அவள் அதைக் கவனித்தாள். சிரிப்பு நின்றது. விளக்கு அணைந்தது. யார் வந்திருக்கிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

அவன் அவளைச் சுட்டிக் காட்டினான்.

நானா?

நீதான்.

அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டி, இதற்கும் கேட்டிருக்குமா என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான். அதைப் பார்க்க அவள் நிமிரவில்லை. வயிற்றின் மேல் குனிந்திருந்தாள். உதடுகள் அசைந்தன.

விளக்கு மறுபடி எரிந்தது.