எழுவாய் யாரு?

“கதவு தானா திறந்துக்கிச்சா?”

மேனேஜரின் சிவப்புப் பேனா கடிதத்தின் முதல் வரியை வெட்டியது. ‘த டோர் வாஸ் லெஃப்ட் ஓபன்’ என்று டைப்பிஸ்ட் பாடுபட்டு அடித்திருந்த வரி.

“கதவு திறந்து விடப்பட்டதாம்! செயப்பாட்டு வினையில ஒளிஞ்சுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். எழுவாய், பயனிலை, அப்புறம்தான் செயப்படுபொருள். இங்கிலீஷ்ல செஞ்ச ஆள் முதல்ல வரணும். யாரு திறந்து வெச்சது?”

“தெரியலை சார்.”

“தெரிஞ்சுக்கிட்டு எழுது. அஞ்சு மணிக்குள்ள ஹெட் ஆபீசுக்குப் போகணும்.”

ஆபீஸில் இந்த மனுஷருக்கு ‘எழுவாய்’ என்றே பேர். லீவு லெட்டரில்கூட இலக்கணம் பார்ப்பவர். மருந்துக் கிடங்கின் குளிர் அறைக் கதவு நேற்று மூன்று மணி நேரம் திறந்து கிடந்து, எட்டுப் பெட்டி ஊசி மருந்து பாழாய்ப் போயிருக்கிறது. இப்போதும் இலக்கணமா? டைப்பிஸ்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாரென்று அவளுக்குத் தெரியாதா என்ன? தரை துடைக்கிற அக்காதான். கதவுக்கு மஞ்சள் வாளியை முட்டுக் கொடுத்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்துவிட்டது என்று போன். போட்டது போட்டபடி ஓடினாள், பாவம்.

அக்காவுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் பதினோரு நாள். பேர் மேலே போனால் சீட்டுக் கிழிந்தது.

அந்த அக்கா வாசலில் துடைப்பக் கட்டையைப் பிடித்தபடி நின்றாள். “என் பேரையே போட்டுடும்மா. எனக்காக நீ எதுக்குத் திட்டு வாங்கணும்?”

“சும்மா இருங்கக்கா!”

மணி நாலு ஐம்பது. மேனேஜர் மறுபடியும் வந்துவிட்டார்.

“என்னம்மா, எழுவாய் கிடைச்சுதா?”

டைப்பிஸ்டுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். கணவருக்கு வேலை போய் ஆறு மாதம். வருவது வரட்டும் என்று தட்டினாள்: ‘ஐ லெஃப்ட் த டோர் ஓபன்.’

மேனேஜர் குனிந்து படித்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார்.

“தப்பு.”

“இலக்கணம் சரிதானே சார்?”

“இலக்கணம் சரி. எழுவாய்தான் தப்பு. நேத்து கதவுக்கு முட்டா நின்ன அந்த மஞ்சள் வாளியை, யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு எடுத்து ஒளிச்சு வெச்சவனே நான்தான்.”

வாசலில் கட்டை கீழே விழுந்தது.

“கதவு மேல பழி போட்டா விசாரணைக்கு ஆள் வரும், யாராவது ஒருத்தர் மாட்டுவாங்க. என்ன எழுதறதுன்னு காலையில இருந்து எனக்கே தெரியலை. அந்த எரிச்சலைத்தான் உன்மேல காட்டினேன். இப்ப நீ எழுதினதைப் பார்த்ததும் கிடைச்சிடுச்சு.”

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். ‘ஐ’யை அழித்துவிட்டு ‘வீ’ என்று அடித்தார்.

“மொத்தப் பேரையுமா வீட்டுக்கு அனுப்புவாங்க? பார்க்கலாம்.”

பிரிண்ட் வந்தது. டைப்பிஸ்ட் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“‘வீ’ன்னா... நாங்களா, நாமளா சார்?”

“இங்கிலீஷ்ல அந்த வித்தியாசம் கிடையாதும்மா.” முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார் எழுவாய்.

“தமிழ்ல, நாம.”