இறங்காத விலை

"எழுந்திருய்யா! உனக்கு ஷேரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். பணத்தைத் தூக்கிக்கினு நடையைக் கட்டு!"

திருப்பதி ஷேர் புரோக்கர் சிவசங்கரன் போட்ட சத்தத்தில் ஆபீசே திரும்பிப் பார்த்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் நகரி விசைத்தறிக்காரர் வேதாச்சலம். பையில் இரண்டு தறியை விற்ற பணம். மகள் அகிலாவின் எம்.சி.ஏ. படிப்புக்கு வைத்திருந்தது.

அது இரண்டாயிரமாவது வருஷம். மொட்டை போட வந்தவர்கள்கூட சாஃப்ட்வேர் ஷேர் பேசிய காலம். வேதாச்சலத்துக்கு மட்டும் ஆசை வராதா?

"கோவப்படாத சார். எல்லா கம்ப்யூட்டர் கம்பெனியும் இறங்கிக்கினு போவுது. இது ஒண்ணுதான் நாலு நாளா அப்படியே நிக்குது. கெட்டியான கம்பெனி சார்!"

சிவசங்கரன் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"சாஃப்ட்வேர் ஷேருங்க எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்ட கோடு இது. சர்ருனு இறங்குது பாரு. இப்ப உன் கம்பெனியைப் பாரு. கீழ குச்சி குச்சியா இருக்கே, அதுதான் வால்யூம். ஒரு நாள்ல எத்தனை ஷேர் கை மாறிச்சுன்னு காட்டும். போன மாசம் எவ்ளோ உயரம்! இந்த நாலு நாளா?"

"குச்சியே இல்லியே சார்."

"வாங்க ஆளே இல்ல. அதனாலதான்யா கடைசியா வித்த விலையே அப்படியே நிக்குது! தறியே ஓடாத வீட்ல, நூல் அறுந்து போவலன்னு பெருமை பேசுவியா?"

"கோடும் குச்சியும் எனக்கு எதுக்கு சார்? என் பணம். ஆர்டர் போடு."

"போட மாட்டேன். வரலட்சுமி! இந்த ஆளு பேர்ல எதுவும் ஏத்தாத. மத்த புரோக்கருங்களுக்கும் போன் பண்ணிச் சொல்லிடு."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வரலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"லுங்கி கட்டினவன்னா இளக்காரம்!" என்று திட்டிக்கொண்டே வேதாச்சலம் படியிறங்கினார்.

பத்தே நாளில் அந்த ஷேர் அதலபாதாளத்துக்குப் போனது. நன்றி சொல்லப் போக ரோஷம் விடவில்லை. தலைக்கனம் பிடித்த மனுஷன் என்று நகரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷம் கழித்து, அகிலாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்த அன்றுதான் ரோஷம் கரைந்தது. மகளையும் அழைத்துக்கொண்டு திருப்பதிக்கு வந்தார்.

பழைய ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. விசாரித்துப் போனால், திருச்சானூரில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடையில் சிவசங்கரன் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தார். வரலட்சுமியும் அங்கேயே இருந்தாள்.

அகிலா அவர் காலில் விழுந்தாள்.

"அன்னிக்கு நீ தொரத்தாங்காட்டி என் பொண்ணு படிச்சிருக்க மாட்டா சார்," வேதாச்சலம் கைகூப்பினார். "உன்னைத் திட்டாத நாளில்ல. அதே வாயால சொல்றேன், உன் குடும்பம் நல்லா இருக்கணும்."

"அட போய்யா. அன்னிக்கு ஏதோ எரிச்சல், கத்திட்டேன். படிச்சது உன் பொண்ணு." சிவசங்கரன் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

"ஏம்மா, இவ்ளோ வெவரம் தெரிஞ்ச மனுஷன், எப்பிடி இந்தக் கடைக்கு வந்தாரு?"

வரலட்சுமி வாசலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க கேட்ட அதே ஷேர்தாண்ணா. குச்சி உயரமா இருந்தப்பவே வீட்டை அடமானம் வெச்சு வாங்கிட்டாரு. அப்புறம் விலையைக் குறைச்சுக் குறைச்சு விக்கப் பாத்தோம். யாராச்சும் ஒருத்தர் வந்தா அவர் தலையில கட்டிட்டு, வீட்டை மீட்டிருக்கலாம்."

"அப்புறம்?"

"அந்த நாலு நாள்ல, வாங்கறேன்னு வந்த ஒரே ஆளு நீங்கதாண்ணா."