தனி அடுப்பு

1999 மே மாதம். கொல்லிமலை வளப்பூர் நாட்டில் ஜெய்லானி கட்டிய விடுமுறை வீட்டுக்கு மறுநாள் முதல் விருந்தாளிகள் வருகிறார்கள். அடுப்பும் பாத்திரமும் வீட்டில் இருக்கும். சமையல் அவர்கள் பொறுப்பு.

மனைவி சலீமா பீவி அன்றுதான் முதல்முறையாக மலையேறி வந்திருந்தாள்.

"ஊடு கட்டுன வருசம் பூரா நானேதான் பொங்கித் தின்னேன். ஆனா, பக்கத்துத் தோட்டத்துக் கண்ணாயி தினமும் ஏதாச்சும் கொண்டாந்துடும். முதலாளின்னு மரியாதை," என்றார் ஜெய்லானி. "இனிமே விருந்தாளிக வர்ற இடம். இந்த மலைச் சனங்க நுழையக் கூடாதுன்னுதான் பாதையை மறிச்சு வேலி போட்டுட்டேன்."

சற்று நேரத்தில் வேலிக்கு வெளியே கண்ணாயி வந்து நின்றாள். கையில் பலாச்சுளைக் கூடை.

"ஏனுங்க, இந்தம்மா யாருங்க?"

"என் ஊட்டுக்காரி."

கண்ணாயியின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! இவரை மறுபடி சேத்துக்கிட்டியா கண்ணு?"

"என்னங்க சொல்றீங்க?" என்றாள் சலீமா.

"ஊட்டுல துரத்திவிட்ட ஆம்பளதான் எங்க பக்கம் தனியா அடுப்பு மூட்டுவான். பாவம், இவரு வெக்கப்பட்டுச் சொல்லல. நாங்களும் கேக்கல. ஊரே முறை வெச்சு ஆக்கிக் குடுத்துச்சு, நான் கொண்டாந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு வர்றவங்களும் அவங்களே பொங்கித்தான் திங்கணுமாமே? அவங்களுக்கும் கொண்டாரேன். ஒண்ணும் கேக்கமாட்டேன்."

கூடையை வேலிக்கு மேலே நீட்டினாள். முள்கம்பியில் சேலை மாட்டிக் கிழிந்தது.

"இந்த வேலி எதுக்குங்க புதுசா?" என்றாள் கண்ணாயி.

சலீமா கணவனைப் பார்த்தாள்.

"மாட்டுக்கு," என்றார் ஜெய்லானி, தரையைப் பார்த்தபடி.