ஏணியடி மண்

சுலவேசித் தீவின் அந்த மலையோர ஊரில் நிலம் ஒருவருக்கும் அதன்மேல் நிற்கும் வீடு இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது புதிதல்ல. ஹஸ்னாவின் வீடு நின்ற நிலத்தை அவள் கொழுந்தன் விற்றுவிட்டான். காலையில் ஊர் ஆண்கள் திரண்டு வந்து, உயரத் தூண்கள்மேல் நின்ற அவளுடைய மரவீட்டை, ஏறும் ஏணியைக் கழற்றிவிட்டு, மூங்கில் கட்டித் தூண்களோடு தோளில் தூக்கி, வயலைத் தாண்டி நடந்தார்கள். வீடு பல்லக்கு மாதிரி ஆடி ஆடிப் போனது. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிகூட உடையவில்லை.

"ஏதாவது விட்டுப்போச்சான்னு பாத்துக்க," என்றான் அவள் கணவன் தஹாங்.

"ஒண்ணுமில்ல."

பிறந்த அன்றே போய்விட்ட மகனின் நஞ்சுக்கொடியை ஊர் வழக்கப்படி சட்டியிலிட்டு வாசல் ஏணியடியில்தான் புதைத்திருந்தார்கள். மண்ணுக்குள் இருப்பது விற்ற மண்ணோடு போகும்.

சாயங்காலம் ஆற்றிலிருந்து குடத்தோடு வந்தவள், பழக்கத்தில் பழைய இடத்துக்கே வந்து நின்றாள். தண்ணீர் சாய்த்துப் பாதத்தைக் கழுவினாள். அங்கே இல்லாத ஏணியின் முதல் படியில் வைக்கக் காலைத் தூக்கினாள்.

நிலத்தை வாங்கியவர் வேலிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். "வீடு அங்க இருக்கும்மா," என்று வயலுக்கு அப்பால் கைகாட்டினார்.

"தெரியும்," என்றாள் ஹஸ்னா.

தூக்கிய காலை அந்த மண்ணில் வைக்கத்தான் அவளுக்கு வரவில்லை.