கூட்டின் நீளம்

கிணற்றுக்கு மேல் சாய்ந்த கருவேலமரத்தில் தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தது. கூண்டிலிருந்து தப்பி வந்த கிளி ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து, "இதெல்லாம் ஒரு சாதனையா?" என்றது.

"சாதனையா? அப்படின்னா?"

"யாராலும் முடியாததைச் செஞ்சு முடிக்கிறது. நான் இருந்த வீட்டு டிவியில எந்நேரமும் அந்தப் பேச்சுதான். ஒருத்தன் மலை ஏறினான், சாதனை. இன்னொருத்தன் ஒரே மூச்சுல நாப்பது பரோட்டா தின்னான், அதுவும் சாதனை."

அதற்கப்புறம் குருவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டின் வாசல் குழாயை நீட்டியது, இன்னும் நீட்டியது. போதாமல், முட்டை வைக்கும் அறையிலிருந்த நார்களையும் உருவிக் குழாயில் சேர்த்தது. வாசல் தண்ணீரைத் தொடப்போனது.

குருவிகளின் வழக்கப்படி பெட்டை கூடு பார்க்க வந்தது. உள்ளே ஏறி, அறை இருந்த இடத்து ஓட்டை வழியாக வெளியே வந்துவிட்டது.

"முட்டையை எங்கே வைக்கிறது?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். நீளத்தைப் பாரு!"

பெட்டை அடுத்த கிளையிலிருந்த குட்டைக் கூட்டுக்குப் பறந்துவிட்டது.

"சாதனை! சாதனை!" என்று கிளி கத்தியது.

குருவி நெஞ்சை நிமிர்த்தித் திரும்பியது. கிளி கத்தியது, கீழே கொட்டாவி விட்ட நாயைப் பார்த்து.

குருவி அவசரமாக இன்னொரு நார் கிழிக்கப் பறந்தது.