அரைப்பேர்

எனக்குத் துரோகம் செய்தவள் நிஷாந்தி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். ஃபேஸ்புக்கில் ‘லயத்துச் சத்தம்’ என்று ஒரு பக்கமும் நடத்தினாள்.

எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே மண் சரியும் என்று சொல்லிவிட்டு, அங்கேயே எங்களை வைத்திருக்கிறது தோட்ட நிர்வாகம். அதைக் கொப்பியில் எழுதி அவளிடம் கொடுத்தேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு. எழுத எட்டு நாள் பிடித்தது.

அவள் அதைத் தன் பக்கத்தில் போட, ஒரே நாளில் நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். கீழே எழுதியவர் பெயர்: ‘சோலை’.

மடுவத்துக்கே போனேன்.

“ஏம்மா, எம்பேரு சோலைமலை. மலை எங்க போச்சு?”

“எடம் பத்தல மாமா.”

“ஃபேஸ்புக்ல எடம் பத்தலையா? ரெண்டு கிலோ கொழுந்து கொறைஞ்சா கணக்கப்பிள்ளைதான் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போடுவாரு. நீயுமா?”

அவள் சிரித்தாள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. போனால், தோட்டத்துச் சோலைகள் எல்லாம் வரிசையாக நிற்கிறார்கள். சோலையம்மா, சோலைமுத்து, சோலையப்பன், சோலைராஜ். என்னோடு ஐந்து. ஓரமாக நிஷாந்தி.

“எழுதினது எந்தச் சோலை?” என்றார் பெரிய கிளாக்கர். “அந்த ஆளு காம்பராவைக் காலி பண்ணணும்.”

எனக்கு வேலை முடிந்து ஆறு வருஷம். அந்த ஒற்றை அறைக் காம்பராவை விட்டால் போக்கிடம் இல்லை.

கிளாக்கர் நிஷாந்தி பக்கம் திரும்பினார். “பேரைச் சொல்றியா, மடுவத்து வேலையை விடுறியா?”

“வேலையை விட்டுர்றேங்க ஐயா.”

“எனக்கு அ, ஆவே தெரியாதுங்க” என்று சோலையம்மா அழ ஆரம்பித்தாள்.

‘நான் எழுதவில்லை’ என்ற கடதாசியை ஒவ்வொருவரிடமும் நீட்டினார்கள். என்னிடம் வந்தது.

“கையெழுத்துப் போடுவீங்களா?”

“எழுதத் தெரியாதுங்க.”

பெருவிரலை மையில் அழுத்திக் கைநாட்டு வைத்தேன்.

வெளியே வந்ததும் நிஷாந்தி மெதுவாகச் சொன்னாள்: “மை காயல மாமா. சட்டையில படப்போகுது.”

நான் விரலைச் சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இப்போது அவள் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நான் அதே காம்பராவில்தான் இருக்கிறேன்.

எனக்கு வரவேண்டிய மீதி அரைப்பேரை மட்டும் அவள் இன்னும் தரவில்லை.